முதல் இலக்கு
புத்தாண்டு டைரியை மைத்துனர் மேசைமேல் அவன் பக்கம் நகர்த்துகிறார். சன்னல் வெயில் பட்டுப் பளபளக்கும் அதன் அட்டையில் கண் கூசுகிறது. "தங்கச்சி போய் ஆறு மாசமாச்சு மாப்ளே. இப்படியே முடங்கிக் கிடந்தா எப்படி? சுயமுன்னேற்றம், சேமிப்பு, எல்லாத்துக்கும் ஒரு இலக்கு எழுதுங்க. உதாரணத்துக்கு ஒண்ணு நானே போட்டுட்டேன்." பென்சிலில், 'மச்சான் கடையில் முதலீடு' என்ற வரிக்கு எதிரே எட்டு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து முந்நூறு. மனைவியின் காப்பீட்டுத் தொகை, நூறுகூடக் குறையாமல். அந்தத் தொகையைத் தெரிவித்து வந்த கடிதத்தை அவன் யாரிடமும் காட்டியதில்லை. மேசை இழுப்பறையில், அவள் கைக்குட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது. மைத்துனர் தேநீரை ஊதி ஊதிக் குடிக்கிறார். அவர் பார்வை அறையெல்லாம் சுற்றுகிறது, இழுப்பறைப் பக்கம் மட்டும் போவதேயில்லை. "என்ன மாப்ளே யோசனை?" "ஒண்ணுமில்ல மச்சான், எழுதறேன்." பேனாவைத் திறந்து, தன் முதல் இலக்கை நிறுத்தி நிதானமாக எழுதுகிறான்: இழுப்பறைக்கு ஒரு பூட்டு.