ஜன்னலுக்கு மட்டும்

நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரில் தன் கொட்டகையில், ஜன்னல் துடைக்க எடுத்துவைத்த பாட்டிலைத் திறந்த முர்ரேவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளே இருந்தது அவரே காய்ச்சிய நல்ல சரக்கு. அப்படியென்றால், காய்ச்சும்போது முதலில் சொட்டிய, வாயில் வைக்கக்கூடாத விஷம்? அதைத்தான் நேற்று பக்கத்து வீட்டு டெஸ்மண்டுக்குக் கொடுத்திருக்கிறார்.

வேலியைத் தாண்டி ஓடினார். டெஸ்மண்டின் மனைவி நோலீன் கதவைத் திறந்தார்.

"டெஸ் எங்க? நேத்து நான் குடுத்த பாட்டில்..."

"காலி பண்ணியாச்சு முர்ரே. இதுவரைக்கும் நீ குடுத்ததுலயே இதுதான் பிரமாதம்."

முர்ரே வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஆம்புலன்சுக்கு போன் போடு. பாட்டில மாத்திக் குடுத்துட்டேன். அது விஷம்."

கையில் துணியோடு டெஸ்மண்ட் எட்டிப் பார்த்தார். "யாருக்கு ஆம்புலன்ஸ்? நான் இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடியே குடிய விட்டவன். நீ குடுக்குறத வச்சு ஜன்னல்தான் துடைக்கிறோம். முன்னாடி குடுத்ததெல்லாம் பிசுபிசுன்னு ஒட்டும். இது பளிச்சுனு இருக்கு."

முர்ரேவுக்கு இப்போதுதான் மூச்சு வந்தது. "அப்புறம் ஏன்யா வாராவாரம் நல்லாருக்குன்னு வாங்கிக்கிட்டீங்க?"

நோலீன் தேநீருக்குத் தண்ணீர் வைத்தபடியே சொன்னார். "உன் வீட்டுக்காரி மெரில் இறந்ததுக்கப்புறம் நீ இங்க வர்றதே அதக் குடுக்கத்தான். வேண்டாம்னு சொன்னா வராமலே இருந்துடுவியே."

அடுத்த சனிக்கிழமையும் முர்ரே பாட்டிலோடு வந்து கதவைத் தட்டினார். அதன்மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தார்: 'ஜன்னலுக்கு மட்டும். தேநீர் எனக்கு.'