கவர்னரின் ஸ்கூட்டர்

"கவர்னர் ஃபைலைத் திருப்பி அனுப்பிட்டாரு."

செயலாளர் ஜெயசீலன் அதை மேஜையில் போட்ட வேகத்தில் வடா பாவ் தட்டு நகர்ந்தது.

கவர்னர் என்றால் மாநிலத்து கவர்னர் இல்லை. புனேயில் உள்ள கோர்படி தமிழ்ச் சங்கத்தின் கௌரவத் தலைவர் கிருஷ்ணஸ்வாமி. யாரும் ஓட்டுப் போட்டு வந்தவரில்லை, அறக்கட்டளை நியமித்தது. கமிட்டியில் அவருக்கு ஓட்டும் கிடையாது. குத்துவிளக்கு ஏற்றுவார், மாலை வாங்கிக்கொள்வார், தீர்மானங்களில் கையெழுத்துப் போடுவார்.

சங்க விதிகளை எழுதிய வக்கீல் அரசியல் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே எழுதியிருக்கிறார். ஒரு தீர்மானத்தைத் தலைவர் ஒரே ஒரு முறை திருப்பி அனுப்பலாம். மறுபடி நிறைவேறினால் பேசாமல் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

பதினாறு வருஷத்தில் அவர் எதையும் திருப்பியதில்லை. இதைத் திருப்பிய காரணம் எல்லாருக்கும் தெரியும். சங்க ஹாலுக்கு இருப்பது அவருடைய அப்பா பெயர். அதை மாற்றி 'பவுனம்மா அரங்கம்' என்று வைக்கத்தான் தீர்மானம்.

பவுனம்மா அந்த ஹாலைப் பெருக்கித் துடைத்தவர். ஊரடங்கில் ரஞ்சன்காவ் ஃபாக்டரிகள் மூடி, அங்கே வேலை பார்த்த நம் தமிழ்ப் பிள்ளைகள் தெருவில் நின்றபோது, ஹாலைத் திறந்து அடுப்பு மூட்டி இரண்டு மாதம் சோறு போட்டவர். போன வருஷம் இறந்துபோனார்.

"என்ன எழுதியிருக்கார்?" என்றாள் காவ்யா. பவுனம்மாவின் மகள், சங்கத்தின் டைப்பிஸ்ட். அம்மா பெயர் கொண்ட தீர்மானத்தை அவள்தான் அடித்திருந்தாள்.

"பன்னிரண்டு பேரும் இருக்கும்போது மறுபடி ஓட்டெடுக்கணுமாம். ஏழுக்கு நாலுன்னு ஜெயிச்சாச்சு. டூட்டின்னு வராதது ஆண்டனி மட்டும். அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே கவர்னரோட அப்பாதான். ஆண்டனி எந்திரிச்சு உருக்கமா ரெண்டு வார்த்தை பேசினா, நம்ம பக்கம் ரெண்டு கை இறங்கிடும். அதான் கணக்கு."

"விட்டுடுங்கண்ணே. அம்மா பேரால சண்டை வேணாம்." காவ்யா குனிந்த தலையோடு சொன்னாள்.

"அதெப்படி விடறது? சலோ, ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் தொடங்கும் நேரத்தில் வாசலில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் எழுபத்திரண்டு வயது கிருஷ்ணஸ்வாமி. பின்னால் ஆண்டனி, கடக்வாஸ்லா ராணுவ அகாடமி மெஸ்ஸின் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல்.

"பாத்தீங்களா, அவ்வளவு தூரம் போய் ஓட்டை ஏத்திட்டு வந்திருக்காரு" என்றார் ஜெயசீலன், எல்லார் காதிலும் விழும்படி.

கிருஷ்ணஸ்வாமி கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். ஏழு. ஆண்டனி கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் தூக்கினார்.

எட்டு.

கிருஷ்ணஸ்வாமி எழுந்து வந்து பேனாவைத் திறந்தார். தன் அப்பாவின் பெயரை எடுக்கும் தாளில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

ஜெயசீலனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்ன சார், நீங்க கூட்டிட்டு வந்த ஆளே கவுத்துட்டாரு?"

கிருஷ்ணஸ்வாமி விதிப் புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். "மத்த தீர்மானத்துக்கெல்லாம் மெஜாரிட்டி போறும். பேர் மாத்தறதுக்கு மட்டும் கமிட்டியோட மொத்த உறுப்பினர்ல மூணுல ரெண்டு பங்கு வேணும். பன்னெண்டுக்கு எட்டு. நீங்க ஏழை வச்சுண்டு கொண்டாடிண்டிருந்தேள். அன்னிக்கே நான் கையெழுத்துப் போட்டிருந்தா, நாளைக்கு யாராவது ஒரு மனு கொடுத்து பவுனம்மா போர்டைக் கழட்ட வச்சிருப்பா."

ஜெயசீலன் இரண்டு தடவை படித்துப் பார்த்தார். "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"அப்பா பேரைக் காப்பாத்த சட்டம் பேசறேன்னு சொல்லியிருப்பேள்."

ஜெயசீலன் ஆண்டனி பக்கம் திரும்பினார். "வழியில சார் என்ன சொன்னாரு?"

"ஹெல்மெட் போடுன்னாரு. எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவேன்னுகூடக் கேக்கல."

"கேக்க எனக்கு அதிகாரம் இல்லே" என்றபடி கிருஷ்ணஸ்வாமி வாசலுக்கு நடந்தார்.

காவ்யா பின்னாலேயே ஓடினாள். இப்போது அவள் தலை நிமிர்ந்திருந்தது. "சார், உங்க மனசுல எந்தப் பேரு இருந்துச்சு?"

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"எனக்குத்தான் ஓட்டு கிடையாதேம்மா. ஸ்கூட்டர்தான் இருந்தது."