பிறந்த எடை

படிவத்தில் ஒரு கட்டத்தை மட்டும் ஜான்சி நிரப்பாமல் விட்டிருந்தாள்.

"பொறந்தப்ப எத்தன கிலோன்னு எழுதலியேக்கா" என்று கவுன்ட்டர் பெண் படிவத்தைத் திருப்பித் தந்தாள்.

ஜான்சி 2.8 என்று எழுதினாள். அவசரத்தில் எட்டு சரியாக மூடவில்லை.

திருப்பாதிரிப்புலியூரில் குழந்தைகளுக்கு மட்டும் தோல் பார்க்கும் டாக்டர் மாலதியின் கிளினிக் அது. சிதம்பரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். சிதம்பரத்திலும் டாக்டர்கள் இருந்தார்கள். ஆனால் அங்கே அவளை எல்லோருக்கும் தெரியும்.

மடியில் பத்து மாதக் குழந்தை புதுக் கவுனின் பட்டனைக் கடித்துக்கொண்டிருந்தது.

கவுனுக்கு உள்ளே, இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு நீலம்.

வியாழக்கிழமை வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். கவுனைத் தூக்கிப் பார்ப்பார்கள். அடித்தது யார் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இன்று செவ்வாய்.

அடிபட்ட நீலம் நாலைந்து நாளில் பச்சையாகி, பிறகு மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் மறைய வேண்டும். விலங்கியல் படித்தவளுக்கு அவ்வளவு தெரியும். இது நீலமாகவே இருந்தது. அத்தனை ஆழமான அடி என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் அடிக்கவில்லை. கணவன் ஜெயசீலனும் அடிக்கவில்லை. வேலைக்குக் கிளம்பும்வரை குழந்தையை இடுப்பிலிருந்து இறக்காதவன் அவன்.

ஆனால் அவள் மனதில் ஒரு கை இருந்தது. பாத்திரம் கழுவும்போதுகூட அந்தக் கை அவள் கண்ணில் நின்றது. கண்ணாடி வளையல் போட்ட கை. முகம் மட்டும் இல்லை.

சனிக்கிழமை நாட்டு மருந்துக் கடையில் மூசாம்பரம் வாங்கி, முட்டை வெள்ளையில் குழைத்துப் பற்று போட்டாள். வீக்கத்துக்கு அவள் அம்மா போடுவது அதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் துடைத்தபோது நீலம் அப்படியே இருந்தது. அதன்மேல் சிவப்பாகக் கொப்புளங்கள்.

பக்கத்து நாற்காலியில் ஆலப்பாக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் மகனின் இரண்டு கன்னத்திலும் வெளுத்த தேமல்.

"எல்லாம் இவங்கப்பனாலதான். கண்ண முழிச்சா ஐஸு வாங்கிக் குடுத்துடறது. ஐஸுக்கும் தேமலுக்கும் சம்பந்தமே இல்லன்றாங்க டாக்டரம்மா. அவுங்களா வந்து இவன வளக்கறாங்க?"

ஜான்சி சிரிக்க முயன்றாள்.

"பாப்பாவுக்கு என்னாக்கா?"

"வேர்க்குரு."

"நார்மலா, ஆபரேஷனா?"

"நார்மல்."

"அதான் ஒடம்பு இப்புடி சிக்குனு இருக்குது. என்னப் பாருங்க, பெத்ததுலேர்ந்து சுத்தளவுதான் ஜாஸ்தி."

ஜான்சி குழந்தையின் கவுனைக் கீழே இழுத்துவிட்டாள்.

"பொன்னி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

குழந்தை சட்டென்று திரும்பியது. ஜான்சிக்கு எழுந்திருக்க ஒரு நொடி பிடித்தது.

டாக்டர் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தார். விளக்கை அருகில் இழுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இதுல என்ன போட்டீங்க?"

"மூசாம்பரம்."

"எதுக்கு?"

"அடிபட்டிருக்குன்னு. நாங்க அடிக்கல டாக்டர்."

கொப்புளம் இல்லாத ஓரத்தில், நீலத்தின் நடுவே டாக்டர் விரலை வைத்து அழுத்தினார். பொன்னி விளக்கைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அழவில்லை.

"யாருமே அடிக்கலம்மா. இது பொறக்கும்போதே வர்றது. நம்ம ஊர்ப் பசங்க நெறைய பேருக்கு இருக்கும். பள்ளிக்கூடம் போற வயசுக்குள்ள தானா மறைஞ்சிடும். கொப்புளம் மட்டும் நீங்க போட்ட பத்தால வந்தது."

ஜான்சி குனிந்து அந்த நீலத்தைப் பார்த்தாள்.

"பொறந்த அன்னிக்கே நீலமா இருந்திருக்குமே. நீங்க பாக்கலியா?"

வெளியே ஆலப்பாக்கத்துப் பையன் ஐஸுக்கு அழுதுகொண்டிருந்தான்.

"அன்னிக்கு நான் இல்லீங்க டாக்டர்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"கொழந்தைங்க இல்லத்துலேர்ந்து தூக்கிட்டு வந்து பத்தொம்போது நாளு ஆவுது. வியாழக்கிழமை அங்கேர்ந்து பாக்க வராங்க."

கண்ணாடி வளையல் போட்ட அந்தக் கை அடித்திருக்கவில்லை. பெற்றவளின் கை அது. தூக்கியிருந்தது. எங்கேயோ ஓர் இடத்தில் இறக்கி வைத்திருந்தது. அவ்வளவுதான்.

டாக்டர் சீட்டை இழுத்து இரண்டு வரி எழுதி, முத்திரை வைத்து, அவள் பக்கம் திருப்பினார்.

நீலம் பிறவியிலேயே உள்ளது, காயம் அல்ல.

கொப்புளங்கள், மேலே போடப்பட்ட பற்றினால் ஏற்பட்டவை.

ஜான்சி இரண்டாவது வரியைத் திரும்பப் படித்தாள். பொன்னியின் உடம்பில் இருந்த ஒரே காயம் அதுதான்.

"ரெண்டாவது வேணாம்னா வேற சீட்டுல மொத வரி மட்டும் எழுதித் தரேன்" என்றார் டாக்டர், அவளைப் பார்க்காமல்.

வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள். அதற்குள் கொப்புளம் ஆறாது.

ஜான்சி மேசையில் இருந்த பேனாவை எடுத்தாள். டாக்டர் முன்னே இருந்த படிவத்தில், தான் ஊகித்து எழுதிய 2.8ஐ ஒரு கோடு போட்டு அடித்தாள்.

"ரெண்டு வரியும் இருக்கட்டும் டாக்டர். அது நான் பண்ணதுதான்."