கால் ஆள் பிழை

அறையின் காற்றை அளந்து, உள்ளே எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று மதிப்பிடும் கணித மாதிரியை நெட்டையன் எழுதியிருந்தான். அறையில் இருந்தது அவனும், கூட வேலை பார்க்கும் அக்காவும்தான். மாதிரி மூன்று என்றது. மாலைக்குள் கணக்கு சரிவராவிட்டால் மேலாளர் அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

"பிழை எவ்வளவுடா?" என்றாள் அக்கா.

"கால் ஆள் கூடக்குறைய வரும்க்கா."

"இங்க முழு ஆளே உதைக்குதே. நீ ரெண்டு பேர் மூச்சை விடுறியோ என்னமோ."

இருவரும் வெளியேறிக் கதவைச் சாத்தினார்கள். பழைய காற்று போகும்வரை காத்திருந்து, நெட்டையன் கைபேசியில் மாதிரியின் கணக்கைப் பார்த்தான். ஒன்று. பிழை சுழியம்.

அக்கா கதவைத் தட்டினாள். "ஏங்க, மேலாளர்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பையனுக்கு வேலை போயிடும்."

உள்ளே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.