கண்டக்டர் வேஷம்

"கண்டக்டர் வேஷம் எனக்கு வேணாம் டீச்சர். நான் மீன்காரம்மாவா வரேன். வசனமே எழுத வேணாம், வூட்ல டெய்லி கேக்கறதுதான்."

யோகேஸ்வரி சொன்னதும் ஒன்பதாம் வகுப்பே சிரித்தது. ஜெயப்பிரியா டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

ஆண்டு விழா நாடகத்துக்கு, நிஜமாக நடந்த ஒரு சண்டையைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டிருந்தாள். யோகேஸ்வரி சொன்னது இது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வரும் காலை பஸ்ஸில் கண்டக்டர் மீன் கூடையை ஏற்ற மாட்டேன் என்கிறார். அவளுடைய அம்மா காசியம்மாள் நாலு மாதமாக ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்கிறாள். மார்க்கெட்டுக்கு வந்து கூடையை இறக்குவதற்குள் வாடிக்கைக்காரர்கள் வேறு இடத்தில் மீன் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கேட்கும்போதே ஜெயப்பிரியாவுக்கு அந்தக் கண்டக்டர் மேல் கோபம் வந்தது. ஆனால் நாடகம் என்று வந்துவிட்டால் அவளிடம் இரண்டு விதிகள் உண்டு. யார் மேல் கோபமோ, அவராகவே நடிக்க வேண்டும். மேடையில் வருகிற எல்லோருக்கும் ஒரு பெயரும் ஒரு காரணமும் இருக்க வேண்டும். 'பயணி ஒன்று, பயணி இரண்டு' என்று எழுதினால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

எனவே கண்டக்டர் வேஷம் யோகேஸ்வரிக்கு. மீன்காரம்மா வேஷம் ஹரிஹரனுக்கு. அவன் பிளாஸ்டிக் குப்பைக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"தலையில வைடா. தண்ணிக் குடமா அது?" என்றாள் யோகேஸ்வரி.

ஒத்திகையில் அவள் "எறங்கு, எறங்கு" என்று கத்தினாள். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"ஏன் இறங்கச் சொல்றாரு?" என்று கேட்டாள் ஜெயப்பிரியா.

"கெட்டவரு, அதான்."

"கெட்டவருங்கறது காரணம் இல்ல. அவர்கிட்டயே கேட்டுட்டு வா."

யோகேஸ்வரியின் முகம் சுருங்கிவிட்டது. 

திங்கட்கிழமை வந்தவள், தானாகவே விசிலை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஹரிஹரன் கூடையோடு நின்றான். இந்த முறை அவள் கத்தவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு விசிலை ஊதினாள். ஊதிய பிறகும் திரும்பிப் பார்க்கவில்லை.



"அவரு பேரு சதாசிவம் டீச்சர்," என்றாள். அவர் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரிட்டையர் ஆக மூன்று வருஷம்தான் இருக்கிறதாம். முன்பெல்லாம் அம்மாவின் கூடைக்கு அவரேதான் கை கொடுத்து ஏற்றுவாராம். ஜூன் மாதம் யாரோ டெப்போவுக்கு போன் பண்ணியதில் அவருக்கு மெமோ கொடுத்துவிட்டார்களாம். "அதுலேந்து எங்க ஸ்டாப் வந்தா எங்கம்மா மூஞ்சியப் பாக்க முடியாம அந்தாண்ட திரும்பிக்கினு போறாராம்."

ஜெயப்பிரியா கையிலிருந்த சாக்பீஸை மேஜையில் வைத்தாள்.

ஜூன் மாதம். வேலையில் சேர்ந்த முதல் நாள். கல்பாக்கத்தில் அதே பஸ்ஸில் ஏறியிருந்தாள். பிரேக் போட்டதும் ஏதோ ஒரு கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் புடவைக் கொசுவம் முழுக்கக் கொட்டியது. அப்படியே வந்து காலை வணக்கக் கூட்டத்தில் நின்றாள். முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். மதியம், பஸ்ஸில் எழுதியிருந்த எண்ணுக்கு போன் பண்ணினாள். கூடையை ஏற்றாதே என்று சொல்லவில்லை. பஸ் நாறுகிறது, கண்டக்டர் கண்டுகொள்வதில்லை என்றுதான் சொன்னாள். இரண்டு நிமிஷம் இருக்கும். அடுத்த மாதமே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக்கொண்டாள். பஸ்ஸும் மறந்துபோனது, போனும் மறந்துபோனது.

"அப்ப போன் பண்ணவங்கதான் வில்லன்," என்றான் ஹரிஹரன். "அவங்களையும் மேடையில ஏத்துவோம் டீச்சர். நாலு கேள்வி கேட்டாத்தான் புத்தி வரும்."

ஜெயப்பிரியா கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

"வில்லன்லாம் இல்லடா," என்றாள் யோகேஸ்வரி. "அவங்களுக்கு அன்னிக்கு வேலையில மொத நாளு. புதுப் புடவ. அதோட நாலு பேரு முன்னாடி போய் நிக்கணும். யாரா இருந்தாலும் கோவம் வரும்."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எங்கம்மா சொல்லிச்சு. அன்னிக்கு அவங்க மேல கொட்னது எங்கம்மா கூடைத் தண்ணிதான், அன்னிக்கே டெப்போவுக்கு போன் போயிருக்கு. அவங்க கர்ச்சீப்பால தொடச்சிகினே, 'இன்னிக்குத்தான் வேலைல மொத நாளு'ன்னு கண்ணு கலங்கிட்டாங்களாம். எங்கம்மாவுக்கே பேஜாரா பூட்ச்சாம்."

போன மாதப் பெற்றோர் கூட்டம் ஜெயப்பிரியாவுக்கு நினைவு வந்தது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த காசியம்மாள் அவளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வராமல், தூரத்திலிருந்தே லேசாகச் சிரித்துவிட்டுப் போனாள். கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று ஜெயப்பிரியா அப்போது நினைத்துக்கொண்டாள்.

"சரி, காரணம் கிடைச்சாச்சு," என்று ஹரிஹரன் பேனாவைத் திறந்தான். "பேர் இல்லாம யாரும் மேடைக்கு வரக் கூடாது, டீச்சரோட ரூல். அவங்க பேரைச் சொல்லு, எழுதிக்கறேன்."

யோகேஸ்வரி ஒரே ஒரு முறை டீச்சரைப் பார்த்தாள். பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"இவங்களுக்கு மட்டும் பேரு வேணாம் டீச்சர். கடைசி சீன்ல அவங்களே டெப்போவுக்கு இன்னொரு போன் பண்ணா போதும்."