வாயில் வைத்த குழல்

"அண்ணை, நீங்கள் வாசிக்கத் தேவையில்லை. குழலை வாயில வச்சுக்கொண்டு இருந்தாக் காணும்."

சுகிர்தன் பணிவாகத்தான் சொன்னான். அவனுடைய மகள் யதுர்ஷிகாவின் நடன அரங்கேற்றம் தொடங்க இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. கிளிநொச்சி மண்டபத்தில் முன் கதிரைகள் நிறையத் தொடங்கியிருந்தன.

யோகநாதன் மடியிலிருந்த நீளப் புல்லாங்குழல் பையை அவிழ்ப்பதை நிறுத்தினார். ஐம்பத்தெட்டு வயது. காலையில் பூநகரியில் பஸ் ஏறும்போதே களைப்பாகத்தான் இருந்தது. என்றாலும், நாலு மாதத்துக்குப் பிறகு கிடைத்த மேடை.

"ஒத்திகைக்குக் கூப்பிடாமல் விட்டது இதுக்குத்தானோ?"

"குறை நினையாதையுங்கோ. நடன டீச்சரிட்ட ஒரு பழைய ஒலிப்பதிவு இருக்கு. சென்னையில பதிஞ்சது. பிள்ளை அதுக்குத்தான் ஆடிப் பழகினவள். ஆனா மேடையில ஆக்கள் இருந்தாத்தானே வீடியோவில வடிவா இருக்கும்?"

"அப்ப மைக்?"

"முன்னால வைப்பம். வேலை செய்யாது."

எழுந்து போய்விடலாம் என்றிருந்தது யோகநாதனுக்கு. ஆனால் சற்று முன்தான் அந்தப் பிள்ளை சலங்கையோடு வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"என்ன சுருதி?" என்று கேட்டார்.

"எந்தக் குழலெண்டாலும் பரவாயில்லை, அண்ணை. சத்தமே வரப்போறேல்லைத்தானே."

"கேட்டுச் சொல்லுங்கோ."

சுகிர்தன் போய்க் கேட்டு வந்தான். "ஐஞ்சு கட்டையாம்."

பையில் ஏழு மூங்கில் குழல்கள் இருந்தன. யோகநாதன் ஆறைத் தள்ளிவிட்டு, சுருதிக்குச் சரியான ஒன்றை எடுத்துச் சால்வையால் துடைத்தார்.

திரை விலகியது. பதிவில் புல்லாங்குழல்தான் முதலில் தனியே எழுந்தது. யோகநாதன் தலையை நிமிர்த்தி ஒலிபெருக்கியைப் பார்த்தார். பிறகு கண்களை மூடிக்கொண்டார். அவருடைய விரல்கள் அசையத் தொடங்கின.

இரண்டு மணித்தியாலம். பிள்ளை ஓரிடத்திலும் தடுமாறவில்லை. முடிந்தபோது சபை எழுந்து நின்று கை தட்டியது.

ஆட்கள் சாப்பாட்டுக்குப் போன பிறகு, வீடியோக்காரரின் கமராவில் பார்த்துவிட்டுச் சுகிர்தன் ஓடி வந்தான்.

"அண்ணை, நீங்கள் உண்மையா வாசிக்கிற மாதிரியே கிடக்கு! ஒரு விரல் பிசகேல்லை. மூச்செடுக்கிற இடங்கூடச் சரி. எப்பிடி அண்ணை?"

யோகநாதன் குழலைத் துடைத்துப் பையில் வைத்தார்.

சுகிர்தனுக்கு உற்சாகம் அடங்கவில்லை. "கோவியாதையுங்கோ, உங்களைக் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனா அதில வாசிக்கிறவரைப் போல வாசிக்க எங்கட பக்கத்தில ஒருத்தராலயும் ஏலாது. பாவம், ஆரெண்டு அதில ஒரு பேர்கூடப் போடேல்லை."

யோகநாதன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு களைப்போடு சிரித்தார்.

"ஓம் தம்பி, நீங்கள் சொல்லுறது சரிதான். முப்பது வருசத்துக்கு முதல், அகதியாப் போய்ச் சென்னையில இருக்கேக்க அதை வாசிச்சனான். இப்ப எனக்கு அந்த மூச்சு இல்லை."