ஈஸ்டர் லில்லிக்கு எலும்புத்தூள்

போன ஈஸ்டருக்கு மாதா கோயில் பீடத்தில் பக்கத்து வீட்டு டெல்பினின் லில்லிதான் நின்றது. பிலோமினாவின் கிழங்குகள் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போயின. இந்த முறை இயற்கை உரம் போட்டாவது டெல்பினை ஜெயிப்பதென்று, மூக்கில் முந்தானையை அழுத்திக்கொண்டு உரக்கடையில் நின்றாள். சாணி எரு குமட்டியது. மீன் உரத்தைத் திறந்ததும் காலையில் தின்ற இட்லி தொண்டைவரை வந்துபோனது.

"எலும்புத்தூள் எடுத்துக்கங்கக்கா. கிழங்குக்கு அதுதான்," என்றார் கடைக்காரர்.

"யாரு எலும்பு?"

"மாடுதான். வேற யாரு எலும்பைத் தர்றாங்கக்கா?"

வழக்கம்போல் பாதி விலைக்குக் கேட்டாள். அவர் உடனே உள்ளே போய் வேறொரு மூட்டையிலிருந்து அள்ளிவந்தார்.

வீட்டில் குழிக்குள் தூவிவிட்டுக் குனிந்தபோது, தூளுக்குள் என்னவோ மின்னியது. கடைவாய்ப் பல். அதன் ஓட்டையில் வெள்ளி அடைத்திருந்தது. எந்த மாடு பல் டாக்டரிடம் போகும்? வேலியோரம் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

"என்னக்கா, இந்த வருஷமும் லில்லியா?" வேலிக்கு அந்தப் பக்கம் டெல்பின் சிரித்தாள். "ஈஸ்டருக்குள்ள பூத்துடுமா?"

பிலோமினா வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிவந்தாள். கிழங்கைப் பல்லின் மேலேயே வைத்து, காலால் மண்ணைத் தள்ளி மூடினாள். சிலுவை போட, தூள் ஒட்டிய வலக்கையைத் தூக்கியவள், அதை மோந்து பார்த்துவிட்டு இடக்கையால் போட்டுக்கொண்டாள்.